200 மில்லியைக் குடித்தது யார்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. காலை பத்து மணி இருக்கும். மரத்தடியிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி ஒரு அண்ணன் மண்ணைக் கொத்திக் கிளறிக்கொண்டிருந்தார். பென்சில் கனத்தில், உயிரோட்டமான ஒரு வேர் அகப்பட்டதும் கை நின்றது. வேரின் நுனியைக் கத்தியால் சாய்வாகச் சீவினார். 40 மில்லி தென்னை டானிக்கோடு 160 மில்லி தண்ணீர் கலந்த பாலிதீன் பையை எடுத்து, சீவிய வேர் பையின் அடிவரை முங்கும்படி நுழைத்து, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார். அவ்வளவுதான் வைத்தியம்.

"நாளைக்குக் காத்தால வந்து பாருங்க தம்பி, பையில ஒரு சொட்டு இருக்காது" என்றார்.

வந்து பார்த்தேன். இல்லவே இல்லை! பை சுருங்கி வேரோடு ஒட்டிக் கிடந்தது. கிழியவில்லை, ஒழுகவில்லை, சுற்றியிருந்த மண்ணில் ஈரம்கூட இல்லை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மரத்துக்குள் போய்விட்டது. மோட்டார் கிடையாது, ஊசி கிடையாது, பக்கத்தில் ஆள்கூடக் கிடையாது. தோப்புக்காரர்களுக்கு இது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்கிற வழக்கமான வேலை. எனக்கோ அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. அந்தப் பையைக் குடித்தது யார்?

வேர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த வேரின் நுனியைத்தான் அவர் வெட்டி எறிந்துவிட்டாரே! மிச்சம் இருந்தது வெறும் குழாயின் வாய். குடித்தவர் அங்கே இல்லை. அறுபதடி மேலே, வெயிலில் ஓலையை விரித்துக்கொண்டு நிற்கிறார்!

கூத்துக் கொட்டகையில் தட்டியை விலக்கி, வேஷம் கட்டுகிற இடத்தை எட்டிப் பார்க்கும் சிறுவனின் சந்தோஷம் எனக்கு அப்போது வந்தது. அந்தத் தட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கிறேன், நீங்களும் வாருங்கள்.

கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மோட்டாரைக் கிணற்று மேட்டில் வைத்தால், இருபத்தைந்தடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் ஏறாது. அதனால்தான் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனார்கள். குதிரைத்திறனைக் கூட்டியும் பயனில்லை. ஏனென்றால் உறிஞ்சு குழாயில் தண்ணீரை மேலே ஏற்றிவிடுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம். அதன் பலம் 10.3 மீட்டரோடு தீர்ந்துபோகும், அதாவது சுமார் 34 அடி. நம் தென்னை அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கலிஃபோர்னியாவில் 'ஹைப்பீரியன்' என்று பெயர் வைத்த ஒரு ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கும் மேல் நிற்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதன் உச்சி இலையும் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது!

அப்படியானால் மரம் என்ன மாயம் செய்கிறது? தண்ணீரைக் கயிறாகத் திரித்துவிடுகிறது. நிஜமாகவே! தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் குணம் கொண்டவை. மெல்லிய குழாய்க்குள், காற்றுக்குமிழி எதுவும் புகாமல், வேரிலிருந்து இலைவரை ஒரே தொடராகத் தண்ணீர் நின்றுவிட்டால், மேல்முனையைப் பிடித்து இழுத்தால் அடிமுனையும் கூடவே வரும். கிணற்றில் வாளிக்கயிற்றை இழுக்கிற மாதிரி.

இழுப்பது யார் என்று பார்க்க ஓலைக்குள் போக வேண்டும். இலைத்தோலில் ஊசிமுனையைவிடச் சிறிய இலைத்துளைகள் இருக்கின்றன, பல செடிகளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூறு, இருநூறு. ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள், கதவுபோல. பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, அதோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு புடைத்தால் கதவு திறக்கும். தளர்ந்தால் மூடும். துளைக்கு உள்ளே ஈரமான செல்சுவர்கள். அந்தச் சுவர் முழுக்க நார் இழைகள், இழைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்கிற அளவுக்கு நுண்ணிய இடுக்குகள். வெயில் பட்டு அந்த இடுக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது மிச்சத் தண்ணீர் உள்வாங்கி வளைகிறது. வளைந்த நீர் தனக்குப் பின்னால் நிற்கும் நீரைச் சுண்டி இழுக்கிறது. அந்த இழுவை நரம்பு வழியாக மட்டைக்கு, மட்டையிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து பைக்கு! கார் டயரில் அடைக்கும் காற்று சுமார் 2 வளிமண்டல அழுத்தம். உச்சிவெயிலில் ஓலைக்குள் நடக்கும் இழுபறி பத்து, பதினைந்து வளிமண்டல அழுத்தத்துக்குக்கூடப் போகும். இத்தனைக்கும் மரம் இந்த வேலைக்குத் தன் சேமிப்பிலிருந்து எதையும் செலவழிப்பதில்லை. கூலி கொடுப்பது சூரியன்.

அதைவிட என்னை உலுக்கியது அந்தக் குழாய்களின் கதை. இவற்றுக்கு சைலம் என்று பெயர். சைலக் குழாயாக மாறும் செல், தன் சுவரில் உள்பக்கமாக லிக்னின் பூசிக் கெட்டிப்படுத்துகிறது. எல்லாம் தயாரானதும் தன் உள்ளடக்கம் அத்தனையையும் தானே செரித்துவிட்டு, மேலும் கீழும் இருக்கும் தடுப்பைத் திறந்துவிட்டுச் செத்துப்போகிறது. செத்த பிறகுதான் அதன் வேலை ஆரம்பிக்கிறது! உயிரோடு இருந்தால் உள்ளே இருக்கும் சரக்கே தண்ணீருக்கு இடைஞ்சல். மரம் தன் பிள்ளைகளையே குழாயாக்கி நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சாறு ஏறுவதற்கு உயிருள்ள செல் வேண்டாம் என்பதை 1891-ல் ஜெர்மனியின் பான் நகரில் எடுவார்ட் ஸ்டிராஸ்பர்கர் காட்டினார். 20 மீட்டருக்கும் மேல் உயரமான மரத்தை அடியில் அறுத்து நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு வழியில் இருந்த உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே மேலே ஏறியது. செல்கள் செத்த பிறகும் ஏற்றம் நிற்கவில்லை. அவரிடம் படித்த ஹென்றி டிக்சன் ஊர் திரும்பி, டப்ளினில் நண்பர் ஜான் ஜோலியோடு உட்கார்ந்து யோசித்து, 1894-ல் சொன்னதுதான் இந்தக் கயிறு இழுக்கும் விளக்கம். ஜோலி இயற்பியல்காரர். தாவரவியலும் இயற்பியலும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் பிறந்த யோசனை. நம் ஜகதீஷ் சந்திர போஸ் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றார். தண்டுக்குள் இருக்கும் உயிர்ச்செல்கள் இதயம்போலத் துடித்துச் சாற்றை மேலே தள்ளுகின்றன என்று 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆனாலும் ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்து அதன் நாடித்துடிப்பைத் தேடிய மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

கயிறு என்றால் அறுந்துபோகுமே? போகும்! அறும்போது சத்தமும் வரும். வறண்ட நாளில் இழுவை அளவு மீறினால், குழாய்க்குள் நீர்த்தொடர் அறுந்து அந்த இடத்தில் குமிழி வெடித்து விரியும். 1966-ல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் இந்த 'டிக்' ஓசையைக் கருவி வைத்துக் கேட்டார்கள். எந்தச் செடியில் தெரியுமா? நம் வேலியோர ஆமணக்கில்! பறித்த ஆமணக்கு இலை வாட வாட, டிக், டிக் என்று ஒவ்வொரு குழாயாக அறுந்தது. 2023-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் தக்காளி, புகையிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் மைக் வைத்தார்கள். தண்ணீர் கிடைக்காத செடி மணிக்கு 30 முதல் 50 தடவை சத்தமிடுகிறது என்று எழுதினார்கள். நம் காதுக்கு எட்டாத மீயொலி அது. தண்ணீர் பாய்ச்சாத வயல் நம் காதுக்குத்தான் அமைதி.

ஒரு குழாய் போனால் பக்கத்துக் குழாய் வேலையைத் தாங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குழிகளில் ஒரு சவ்வு உண்டு. தண்ணீரை விடும், குமிழியைத் தாண்டவிடாது. சீவிய தென்னை வேரில் காற்றுப் புகுந்தும் மரம் டானிக்கைக் குடித்தது இந்தச் சவ்வின் புண்ணியம்.

இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இழுவை ஓய்ந்துவிடும். அப்போது கீழே வேறொரு கை வேலையை எடுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் நெல் வயல் வரப்பில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு தோகையின் நுனியிலும் ஒரே ஒரு முத்து நிற்கும். பனித்துளி என்றே நானும் நினைத்திருந்தேன். பனி என்றால் இலை முழுக்கப் படர்ந்திருக்கும். இப்படி எண்ணி வைத்தாற்போல நுனிக்கு ஒன்றாக நிற்காது. இது பயிருக்கு உள்ளேயிருந்து வந்த தண்ணீர்! இரவெல்லாம் வேர் உப்புச் சத்துகளை உள்ளே வாங்கிக் குவிக்க, அதைத் தேடித் தண்ணீர் நுழைந்து, அழுத்தம் கூடி, நுனித் துளை வழியே ததும்பி நிற்கிறது. சேம்பு இலையிலும் இதைப் பார்க்கலாம். விரலால் அந்தச் சொட்டைத் தொட்டு எடுத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று பிறந்திருக்கும்.

வேரையும் எட்டிப் பார்க்காமல் போக முடியாது. 1937-ல் டிட்மர் என்ற அமெரிக்கர் நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களை அளந்து முடித்தார். எல்லாக் கிளைகளையும் கூட்டினால் 620 கிலோமீட்டருக்கும் மேல். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியாகப் போகிற தூரம், ஒரு பெட்டி மண்ணுக்குள்! அதில் வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி.

தூவி வழியாக உள்ளே வருகிற எதுவும் நேராகக் குழாய்க்குள் நுழைந்துவிட முடியாது. நடுவில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. அகத்தோல் செல்களைச் சுற்றி, செங்கல் இடுக்கில் சிமெண்ட் பூசியதுபோலத் தண்ணீர் புகாத ஒரு பட்டை. அதை 1865-ல் கண்டவர் ராபர்ட் காஸ்பரி, அதனால் காஸ்பேரியப் பட்டை. செல்களுக்கு இடையில் இருக்கும் சந்து வழியாக நழுவி வந்த தண்ணீரும் உப்பும் இங்கே முட்டி நின்று, ஒரு செல்லின் சவ்வைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நைட்ரேட்டா, வா. பொட்டாசியமா, வா. சோடியமா, நில்! தண்ணீருக்கென்றே அக்வாபோரின் என்ற தனி வாசல்கள் உண்டு. ஒரு வாசல் வழியாக நொடிக்கு 300 கோடி நீர்மூலக்கூறுகள் வரிசையில் புகும். அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் நோபல் பரிசு. பிச்சாவரத்துச் சுரபுன்னை உப்பங்கழியில் நின்றுகொண்டு உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுவது இந்தச் சாவடியின் பெருமை.

இப்போது அந்த அண்ணன் செய்த காரியத்தின் அழகு புரிகிறதா? வேரைச் சீவியதன் மூலம் சாவடியைச் சுற்றிக்கொண்டு நேராகக் குழாய்க்குள் டானிக்கை விட்டார்! கொல்லைப்புற வாசல். அதே காரணத்தால்தான் பூச்சிமருந்தை இப்படி வேரில் கட்டினால் அடுத்த 45 நாளுக்குக் காய் பறிக்கக் கூடாது என்கிறார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத வழியில் போன சரக்கு இளநீர்வரை எட்டிவிடும்.

நிலக்கடலைக்காரர்களிடம் இன்னொரு ரகசியம் இருக்கிறது. 45-ஆம் நாள் வாக்கில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். ஏன் அந்த நேரத்தில், செடியடியிலேயே? ஜிப்சத்தில் இருப்பது கால்சியம். கால்சியம் ஏறுகிற தண்ணீரோடு மட்டும்தான் பயணிக்கும். ஆவியாகிற இடம் எதுவோ அங்கேதான் போய்ச் சேரும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் காய் வியர்ப்பதில்லை, ஆகவே அதன் பக்கம் தண்ணீர்த்தேர் வருவதில்லை. இலைக்குப் போய்விட்ட கால்சியம் திரும்பிக் கீழே வராது. செடி முழுக்கக் கால்சியம் இருந்தும் காய் பட்டினி, பொக்குக் கடலை. அதனால் காய் தன் ஓட்டின் வழியே மண்ணிலிருந்து நேரடியாகக் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. காயின் வாய்க்கு நேராகச் சோற்றை ஊட்டிவிடுகிற வேலைதான் அந்த மண் அணைப்பு! இந்த ஒன்று தெரிந்த பிறகு நிலக்கடலைக் கொல்லையைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

இதுவரை பார்த்தது ஏறுகிற பாதை. இறங்குகிற பாதை தனி, அதற்கு ஃபுளோயம் என்று பெயர். இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கும் பூவுக்கும் காய்க்கும் கொண்டுபோகிற வழி. கொய்யாவில் விண்பதியன் போடுகிறவர்கள் இந்தப் பாதையைக் கத்தியால் வெட்டியே பிழைக்கிறார்கள். கிளையில் மோதிரம்போலப் பட்டையை உரித்து எடுத்தாலும் மேலே இலை வாடாது, ஏறுகிற குழாய் உள்ளே மரக்கட்டையில் பத்திரமாக இருக்கிறது. பட்டையோடு போனது இறங்குகிற பாதை. இறங்க வழியில்லாத சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியும் வெட்டுக்கு மேலே தேங்க, அங்கேதான் வேர் விடுகிறது.

ஏறுவது இழுவை, இறங்குவது தள்ளல். இலையில் சர்க்கரை ஏற்றப்பட்டதும் பக்கத்து சைலத்திலிருந்து தண்ணீர் ஓடி வந்து புகுந்து அழுத்தம் கூடுகிறது. வேரிலோ காயிலோ சர்க்கரை இறக்கப்படும்போது தண்ணீர் வெளியேறி அழுத்தம் குறைகிறது. கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓட்டம், மணிக்கு ஒரு மீட்டர்வரை. 1930-ல் எர்ன்ஸ்ட் மூன்ஷ் சொன்னது. அந்த அழுத்தத்தை அசுவினிப் பூச்சி நன்றாக அறியும். ஊசிபோன்ற வாயை ஃபுளோயத்தின் ஒரே ஒரு சல்லடைக் குழாய்க்குள் இறக்கிவிட்டால் போதும், சாறு தானாக வாய்க்குள் பாயும். 1953-ல் கென்னடி, மிட்லர் என்ற இருவர் பூச்சியை வெட்டி எடுத்துவிட்டு ஊசியை மட்டும் செடியில் விட்டுப் பார்த்தார்கள். சாறு மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தது!

நமக்கு அசுவினி வேண்டாம். பனை இருக்கிறது. பதநீர் என்பது வேறென்ன, இறங்குபாதையின் சாறுதானே! தூத்துக்குடிப் பக்கம் விடிகாலையில் ஒரு பனையேறி அண்ணாச்சி இறங்குவதற்காக மரத்தடியில் காத்திருந்தேன். இடுப்பில் பாளை அரிவாள், சுண்ணாம்பு தடவிய கலயம். பாளையை முன்னமே கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். பிறகு தினமும் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும்.

"ஒரு நா சீவாம விட்டா கண்ணு அடைச்சிக்கிடும் தம்பி" என்றார்.

காயம் பட்டதும் மரம் தன் குழாய் வாயைப் புரதத்தாலும் கேலோஸ் என்ற பசையாலும் அடைக்கப் பார்க்கும். அந்த அடைப்பைத்தான் அவர் வில்லையாகச் சீவி எறிகிறார். குழாய் மறுபடி திறக்கிறது. பாளைக்கென்று கிளம்பிய சர்க்கரை கலயத்தில் சொட்டுகிறது. ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்த அந்தப் பதநீரைக் குடித்தபோது, மரத்தின் உள்ளே அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆற்றிலிருந்து ஒரு வாய் அள்ளிய மாதிரி இருந்தது.

அந்தச் சாறு ஓடி வந்த குழாயைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உட்கரு கிடையாது. வழிவிடுவதற்காக உட்கருவைக் கரைத்துவிட்டு, ஒட்டி நிற்கும் துணைச் செல்லின் தயவில் உயிர் வாழ்கிறது. நம் ரத்தச் சிவப்பணுவுக்கும் உட்கரு இல்லை, அதன் ஆயுள் சுமார் 120 நாள். மாவும் வேம்பும் தண்டு பருக்கப் பருக்கப் புதுக் குழாய்களைப் போட்டுக்கொள்ளும், பழையவற்றைக் கைவிடும். பனை, தென்னை வகைக்கு அந்த வசதி இல்லை, தண்டு பருப்பதற்கான வளர்திசுவே கிடையாது. முதலில் போட்ட குழாய்தான் கடைசிவரை. ஆகவே முதிர்ந்த பனையின் அடித்தண்டில் உட்கரு இல்லாத ஒரு செல், பல பத்து வருஷங்களாக உயிரோடு இருந்து சர்க்கரை கடத்துகிறது. அண்ணாச்சியின் தாத்தா ஏறிய மரத்தில் அவர் காலத்தில் உருவான செல்லே இன்றும் வேலையில் இருக்கலாம்!

அந்தக் குழாய்களின் முகத்தைப் பார்க்க ஆசையா? பழைய ஓட்டு வீட்டில் பனங்கையின் அறுபட்ட முனையைப் பாருங்கள். ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் கலைந்து, கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றை. அதற்குள் ஏறுகுழாயும் இறங்குகுழாயும் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. உருப்பெருக்கி வைத்தால் ஏறுகுழாயின் துளை தெளிவாகத் தெரியும்.

பிரம்பும் பனைக் குடும்பம்தான். வீட்டில் உடைந்த பிரம்பு நாற்காலி இருந்தால் ஒரு சாண் நீளத் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சுத்தமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாயை வைத்துப் பலமாக ஊதுங்கள். கட்டைபோலக் கிடக்கும் அந்தப் பிரம்பின் முகத்தில், தண்ணீர் ஏறிய துளைகள் வழியே, நுரை பொங்கி வரும்.